பதினேழாம் மேசைக்கு வந்த அழைப்பு

ஊரார் திட்டுவதையெல்லாம் உட்கார்ந்து வாங்கிக்கொள்வதற்கு மாதச் சம்பளம் கிடைக்கிற வேலைகள் சில உண்டு. அவள் பார்த்தது அதில் ஒன்று. வேலைக்கான ஆணையில் 'வாடிக்கையாளர் தொடர்பு' என்று கௌரவமாகத்தான் போட்டிருந்தார்கள்.

அது ஒரு கூரியர் நிறுவனத்தின் தொலைபேசிக் கூடம். வெளிநாட்டுக் கடைகளில் இணையம் வழியாகப் பொருள் வாங்குகிறவர்கள், திரையில் கண்ட விலையைக் கட்டிவிட்டு, அதோடு தீர்ந்தது என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பொட்டலத்துக்கு முன்னால் ஒரு குறுஞ்செய்தி வந்து சேரும். இன்ன தொகையைக் கட்டினால்தான் பொருள் கைக்கு வரும் என்று அதில் இருக்கும். கீழே ஒரு தொலைபேசி எண். கோபத்தோடு அந்த எண்ணை அழுத்துகிறவர்களுக்குப் பதில் சொல்ல அந்தக் கூடத்தில் வரிசை வரிசையாகப் பெண்களும் ஆண்களும் உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு அட்டைத் தடுப்பு, ஒரு திரை, பஞ்சு பிய்ந்த ஒரு ஹெட்செட்.

பெயரைச் சொல்லிப் பேசக் கூடாது என்பது அங்கே விதி. முன்பு ஒருத்தர் பெயரைத் தெரிந்துகொண்டு நேரில் வந்து சண்டை பிடித்தாராம். அதிலிருந்து மேசை எண் மட்டும்தான். அவள் பதினேழு. பக்கத்தில் இருந்தவள் பதினெட்டு. சாப்பாட்டு நேரத்திலும் அப்படியே கூப்பிட்டுக்கொண்டார்கள்.

"வணக்கம், பதினேழாம் மேசையிலிருந்து பேசுகிறேன். தங்கள் பொட்டலத்தின் எண்ணைக் கூறுங்கள்."

இதைச் சொல்வதற்கென்று அவளுக்கு ஒரு தனிக் குரல் இருந்தது. மூக்கும் இல்லாமல் நெஞ்சும் இல்லாமல் நடுவிலிருந்து வருகிற, இஸ்திரி போட்ட குரல். அந்தக் குரலில்தான் நாள் முழுக்க ஒரே பாடத்தை ஒப்பித்தாள். முதலில் இறக்குமதி வரி. பிறகு பொருள், வரி இரண்டையும் சேர்த்து அதன் மேல் இன்னொரு வரி. மூன்றாவதாக நிறுவனத்தின் கையாளும் கட்டணம். தங்களுக்குப் பதிலாக நாங்கள் முன்கூட்டியே வரியைக் கட்டியிருப்பதால் அதற்கான கூலி. இந்த மூன்றாவதில்தான் எல்லோருக்கும் பொத்துக்கொண்டு வரும்.

"வரி கட்டினதுக்கு ஒரு கூலியா? நான் உங்களைக் கட்டச் சொன்னேனா?"

நியாயமான கேள்வி. அவளுக்கு அதற்குப் பதில் தெரியாது. கையிலிருந்த தாளில் 'அமைதியாக மீண்டும் விளக்கவும்' என்று இருந்தது. அவள் மீண்டும் விளக்குவாள். குழந்தைக்குப் பொம்மை வாங்கிய அம்மா அழுவாள். சைக்கிள் பாகம் வாங்கிய பையன் கெட்ட வார்த்தையில் திட்டுவான். 'பரிசு என்று எழுதி அனுப்பினால் வரி கிடையாதென்று மாப்பிள்ளை சொன்னாரே' என்று ஒரு மாமனார் மூக்கால் அழுவார். மாப்பிள்ளை சொன்னது தப்பு என்று அவரிடம் நயமாகச் சொல்ல வேண்டும். சாயங்காலம் ஹெட்செட்டைக் கழற்றும்போது தொண்டையில் ஈரம் இருக்காது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர் மணி கேட்டால்கூட வாய் திறக்காமல் கடிகாரத்தைத் திருப்பிக் காட்டுவாள்.

வீட்டுக்குப் போனாலாவது பேச வேண்டியிருந்ததா என்றால், அதுவும் இல்லை. அவள் கணவர் குளிர்பானக் கம்பெனியில் பாட்டில் கழுவும் பிரிவில் வேலை பார்த்தார். காலையில் போனால் சாயங்காலம் வரை கண்ணாடிப் பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு ஓடும் வரிசைக்கு முன்னால் நிற்பார். கல்யாணமான புதிதில் அவர் வாயாடி. பிறகு எப்போதிலிருந்து என்று சொல்ல முடியாதபடி கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிப்போனார். எதைச் சொன்னாலும் 'ம்'. "தண்ணி வந்துச்சா?" என்று கேட்டால் "சட்டைப் பையில இருக்கு" என்பார். அவள் சொல்வதை மனிதர் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை என்று அவள் முடிவு கட்டினாள். ஒரு தடவை மகளுடைய விடுதிக் கட்டணம் கட்டச் சொல்லி, அவர் கட்டாமல் விட்டு, அபராதம் விழுந்தது.

"உங்ககிட்ட சொல்றதும் ஒண்ணுதான், இந்தச் சுவத்துகிட்ட சொல்றதும் ஒண்ணுதான்" என்றாள்.

அவர் அவளைப் பார்த்துச் சிரித்தார். சண்டை போட்டிருந்தால்கூட ஆறியிருக்கும். அந்தச் சிரிப்பு அவளை என்னவோ செய்துவிட்டது. சரி, பேசி என்ன ஆகப்போகிறது என்று அவளும் வாயை மூடிக்கொண்டாள். ஊருக்கெல்லாம் விளக்கம் சொல்லிவிட்டு வருகிறவளுக்கு அது ஒரு வகையில் வசதியாகக்கூட இருந்தது. வீட்டில் தொலைக்காட்சி மட்டும் பேசியது. அதையும் அவர் அலற விடுவார்.

இப்படி இருக்கும்போது, சளி பிடித்துத் தொண்டை கட்டியிருந்த ஒரு நாள், மதியச் சாப்பாடு முடிந்து அவள் ஹெட்செட்டை மாட்டியதும் ஓர் அழைப்பு வந்தது. அழைப்பவரின் எண் திரையில் முதலில் விழும். அதைப் பார்த்ததும் அவள் கை அப்படியே நின்றது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய எண்.

உறவினர் அழைப்பு வந்தால் உடனே வேறு மேசைக்குத் தள்ளிவிட வேண்டும், அதுவும் விதி. அதற்கென்று ஒரு பொத்தான் இருந்தது. அவள் விரல் அதன் மேல் போய் உட்கார்ந்துகூட விட்டது. அதற்குள் பழக்க தோஷத்தில் வாய் வணக்கம் சொல்லிவிட்டது.

"அம்மா, ஒரு பார்சல் விஷயமா பேசணும்" என்றார் கணவர். "கொஞ்சம் சத்தமா பேசுங்க. லைன் சரியில்ல."

லைன் கண்ணாடி மாதிரி இருந்தது. பின்னால் பாட்டில்கள் உரசுகிற சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது. அவர் பொட்டலத்தின் எண்ணைச் சொல்ல, திரையில் விவரம் விரிந்தது. முகவரிக்கு வீட்டைக் கொடுக்கவில்லை. கம்பெனி வாசலைக் கொடுத்திருந்தார். பொருள் என்ற இடத்தில் 'காது கேட்கும் கருவி, ஒரு ஜோடி' என்று இருந்தது.

அவள் அதை இரண்டு மூன்று முறை படித்தாள்.

"அம்மா, இருக்கீங்களா?"

"இருக்கேன் சார். சொல்லுங்க" என்றாள். சளியோடு சேர்ந்த அந்த இஸ்திரிக் குரல் அவளுக்கே யாருடையதோ போலிருந்தது.

"பொருளுக்குக் காசெல்லாம் கட்டியாச்சும்மா. அனுப்பறதுக்குக் காசு வேணாம், இலவசம்னுதான் போட்டிருந்தான். இப்ப பார்த்தா பொருள் விலையில முக்கால்வாசி இன்னும் கட்டச் சொல்லி மெசேஜ் வந்திருக்கு. இது நெஜமா, இல்ல ஏமாத்து வேலையா?"

"நெஜம்தான் சார்."

அவள் பாடத்தை ஒப்பித்தாள். ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. பதினெட்டு தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்து, என்ன, பாட்டனாரா என்று கண்ணால் கேட்டாள். கையாளும் கட்டணத்துக்கு வந்ததும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு திட்டுக்குக் காத்திருந்தாள்.

"வரிய கட்டறதுக்கு ஒரு கூலியா?" என்றவர் சிரித்துவிட்டார். "சரி விடுங்க. உங்களைச் சொல்லி என்ன. நீங்களா போட்டீங்க."

வீட்டில் அவர் இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி அவள் கேட்டு வெகுகாலமாகியிருந்தது. மருத்துவக் கருவியாக இருந்தால் இறக்குமதி வரியைத் தள்ளுபடி செய்யச் சொல்லிக் கேட்கலாம் என்று தாளின் அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு உண்டு. 'வாடிக்கையாளர் கேட்டால் மட்டும் தெரிவிக்கவும்.' அவர் கேட்கவில்லை. அவள் சொன்னாள்.

"டாக்டர் சீட்டு ஒண்ணு இருந்தா போதும் சார். முதல் வரிய விட்டுடுவாங்க."

"டாக்டரா" என்று இழுத்தார். "அங்கதாம்மா சிக்கல். காது போச்சுன்னு ஒரு டாக்டர் எழுதினார்னா, அது எப்படியும் கம்பெனிக்குப் போயிரும். லைன்லேர்ந்து எடுத்து லாரில சுமை ஏத்தற பக்கம் போட்ருவாங்க. சம்பளம் இறங்கிடும். அதனாலதான் யாருக்கும் தெரியாம வெளிநாட்டுல சொல்லி வாங்கினேன். இங்க கடைல போய்க் கேட்டா விலை தலைய சுத்துது."

தாளில் இல்லாத ஒரு கேள்வி அவள் வாயிலிருந்து வந்தது. "வீட்ல சொல்லலியா சார்?"

"வீட்லயா? அவளும் வேலைக்குப் போறவ. சாயங்காலம் வர்றப்பவே முகம் தொங்கிப்போய் வருவா. இதையும் எதுக்கு அவ தலைல போடணும். எத்தனை நாள் வெச்சிருப்பீங்கம்மா?"

"ரெண்டு வாரம் சார். அதுக்கப்புறம் ஒவ்வொரு நாளும் இருப்புக் கட்டணம் ஏறும். அப்பவும் கட்டலைன்னா அழிச்சிடுவாங்க."

"அழிச்சிடுவீங்களா? திருப்பி அனுப்ப மாட்டீங்களா?"

"திருப்பி அனுப்பறதுக்கு இதைவிட அதிகம் ஆகும் சார்."

அவர் வாய்க்குள் ஏதோ கணக்குப் போட்டார். பிறகு, "யோசிச்சு சொல்றேன்மா. பொறுமையா எடுத்துச் சொன்னீங்க, நல்லா இருங்க" என்று வைத்துவிட்டார்.

அடுத்த அழைப்பு காத்திருந்தது. ஒருத்தருக்கு வெளிநாட்டுச் செருப்பு வந்திருந்தது. அவருக்கு அவள் என்ன விளக்கினாள் என்று அவளுக்கே நினைவில்லை.

அன்று சாயங்காலம் அவர் சாப்பாட்டு மேசையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தபோது, அடுப்படியில் நின்றுகொண்டு அவள் சாதாரணக் குரலில், "என்னங்க" என்றாள். அவர் திரும்பவில்லை. "வீடு பத்திக்கிட்டு எரியுது" என்றாள். அவர் செய்தித்தாளைப் புரட்டினார். அவள் அங்கேயே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சந்தோஷமா என்றால் இல்லை. இத்தனை காலம் கோபப்பட்டதெல்லாம் வீண் வேலையாகப் போனதில் ஒரு சலிப்பு. எத்தனை சாயங்காலங்கள் முகம் கொடுத்துப் பேசாமல் கழிந்திருக்கின்றன. அதையெல்லாம் யாரிடம் போய்த் திருப்பிக் கேட்பது.

ஆனால் அவளுக்கு ஒரு வீம்பும் இருந்தது. ஊர் பேர் தெரியாத ஒருத்தியிடம் மனதைத் திறந்து சொல்லத் தெரிந்தவருக்கு, கட்டினவளிடம் சொல்ல வாய் வரவில்லையே. அவராகச் சொல்லட்டும் என்று இருந்துவிட்டாள். ஜாடை மட்டும் காட்டினாள். ஆபீசில் ஒருத்தருடைய அப்பாவுக்குக் காது மந்தமாகி, டாக்டரிடம் காட்டி, இப்போது நன்றாக இருக்கிறார் என்று அவர் முகத்துக்கு நேராக நின்று சத்தமாகச் சொன்னாள். அவர் "நல்லது" என்றார். பிறகு எழுந்து போய்த் தொலைக்காட்சியைப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மகள் விடுதியிலிருந்து கூப்பிட்டாள். "அப்பாவுக்கு என்மேல ஏதாவது கோபமாம்மா? போன்ல நான் பாட்டுக்குப் பேசிட்டே இருக்கேன், அவர் ம்ம், ம்ம்ங்கறார்."

"கோபமெல்லாம் இல்ல. அவருக்குக் களைப்பு" என்று இவள் பூசி மெழுகினாள்.

வேலைக்குப் போனதும் முதல் காரியமாக அந்தப் பொட்டலத்தின் எண்ணைத் திரையில் போட்டுப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. 'கிடங்கில் உள்ளது.' மறுநாளும் 'கிடங்கில் உள்ளது.' கெடு தாண்டி இருப்புக் கட்டணம் ஏறத் தொடங்கியது. அவளே கட்டிவிடலாம்தான். கட்டினால் பொருள் கம்பெனி வாசலுக்குப் போகும், யார் கட்டினார்கள் என்ற கேள்வி வரும். அதோடு அந்த வீம்பு. காலையில் கட்டிவிடுவோம் என்று நினைத்துப் போவாள், மாலையில் பஸ் ஏறும்போது நாளைக்குப் பார்ப்போம் என்று வருவாள். அதற்குமேல் யோசிக்கத் தலையில் இடம் இருக்காது.

அழிக்கப்போகிற பொட்டலங்களுக்குக் கடைசி நினைவூட்டலாக ஒரு முறை கூடத்திலிருந்தே கூப்பிட்டுச் சொல்லுவார்கள். அந்த வேலையை மேசைகளுக்குப் பங்கு போட்டுக் கொடுத்தபோது, கணவருடைய பொட்டலம் பதினெட்டுக்குப் போயிருந்தது.

"அந்த ஒண்ண எங்கிட்ட தள்ளி விடு" என்றாள்.

பதினெட்டு பிஸ்கட்டை மென்றபடி, "ஒண்ணுக்கு ரெண்டா என்னுத நீ எடுத்துக்கறதா இருந்தா தாராளமா தள்றேன்" என்றாள். காரணம் கேட்கவில்லை. அந்தக் கூடத்தில் யாருக்கும் காரணம் கேட்கத் தெம்பு இருந்ததில்லை.

அவள் கூப்பிட்டாள். மணி போய்க்கொண்டே இருந்தது. விட்டுவிடலாம் என்று நினைத்தபோது எடுத்தார்.

"சார், கூரியர்லேர்ந்து பேசறோம். பதினேழாம் மேசை. உங்க பார்சலுக்கு நாளைதான் கடைசி நாள்" என்று அந்த இஸ்திரிக் குரலை உயர்த்திச் சொன்னாள்.

"அட, அந்த அம்மாவா" என்றார். "விட்டுடுங்கம்மா. அழிச்சிடுங்க."

"ஏன் சார்?"

"கூட்டிப் பார்த்தேன். கட்டுப்படியாகல. அதுவுமில்லாம கேட்டுதான் என்ன ஆகப்போகுது சொல்லுங்க. இங்க பாட்டில் சத்தம். வீட்டுக்குப் போனா அங்கயும் யாரும் பேசறதில்ல. முன்னெல்லாம் பேசுவா. இப்ப அவளுக்கு என்னைப் பார்த்தாலே அலுத்துப்போச்சு போல. காது இல்லாட்டியும் ஓடிடும் காலம்."

பதினேழாம் மேசையின் குரல் அதற்குமேல் வரவில்லை. வேறு ஒரு குரல் வந்தது.

"நான்தாங்க" என்றாள்.

"என்னம்மா? சரியா கேக்கல."

"நான்தாங்க பேசறேன்."

"யாரு பேசறா? கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."

அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். அடிவயிற்றிலிருந்து கத்தினாள். "நான்தாங்க. உங்க பொண்டாட்டி பேசறேன். வீட்ல பேசிட்டுத்தான் இருந்தேன். உங்களுக்குத்தான் கேக்கல."

கூடம் முழுக்க அடங்கிப்போனது. தடுப்புகளுக்கு மேலே தலைகள் முளைத்தன. பதினெட்டின் அழைப்பில் இருந்த யாரோ ஒருவர், அங்கே என்னம்மா சண்டை என்று கேட்க, பதினெட்டு, ஒன்றுமில்லை சார், குடும்ப விஷயம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறுமுனையில் பாட்டில்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவர் எங்கோ நகர்ந்து போகிறார் என்பது சத்தம் தேய்ந்ததில் தெரிந்தது.

"நீயா?" என்றார்.

"நானேதான்."

"நீ அங்க என்ன பண்ற?"

"இதாங்க என் வேலை."

"தபால் ஆபீஸ்ல கடுதாசிக்கு முத்திரை குத்தறேன்னுல்ல சொன்னே?"

"நான் எப்ப அப்படி சொன்னேன்? போன்ல பதில் சொல்ற வேலைன்னு சொன்னேன்."

"எனக்கு அப்படித்தான் கேட்டுச்சு" என்றார் அவர்.

இத்தனை வருஷமாக மனைவி எங்கோ ஒரு மேசையில் உட்கார்ந்து டொக்கு டொக்கென்று முத்திரை குத்துகிறாள் என்றே அந்த மனிதர் நினைத்திருக்கிறார். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, உட்கார்ந்து அழுதால் தேவலை என்றும் இருந்தது.

"பார்சலை அழிக்கப் போறதில்ல" என்றாள். "சாயங்காலம் சீக்கிரம் வாங்க. பேசலாம்."

"சத்தமா பேசு."

"பேசறேன்."

ஹெட்செட்டைக் கழற்றுவதற்குள் மேற்பார்வையாளர் ஆள் அனுப்பிவிட்டார். எல்லா அழைப்புகளையும் பதிவில் கேட்பது அவர் வேலை. கூடத்தில் அவருக்கு 'ஒட்டுக்கேட்பு' என்று பெயர். கண்ணாடி அறைக்குள் அவர் கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"பழைய பதிவையும் எடுத்துக் கேட்டேன்" என்றார். "ரெண்டு தடவை விதி மீறியிருக்கீங்க. சொந்தக்காரர் அழைப்ப எடுத்தது ஒண்ணு. கேக்காமலே தள்ளுபடிய சொன்னது இன்னொண்ணு. கத்தினத நான் கணக்குல சேக்கல."

"சரி சார்."

"இந்த மாச ஊக்கத்தொகை கிடைக்காது. எச்சரிக்கைக் கடிதம் ஒண்ணு வரும். எனக்கு மேலயும் ஒருத்தர் ஒட்டுக் கேட்டுட்டு உக்காந்திருக்கார், அதனால நான் விட முடியாது."

"சரி சார். அந்தப் பார்சல மட்டும் இன்னும் கொஞ்ச நாள் நிறுத்தி வைக்க முடியுமா? டாக்டர் சீட்டு வாங்கணும்."

அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு திரையில் ஏதோ தட்டினார். "நிறுத்தியாச்சு. ஆனா கட்டணத்துல கை வைக்க எனக்கு அதிகாரம் கிடையாது. அது ஏறிட்டேதான் இருக்கும்."

அன்று சாயங்காலம் அவர்கள் பேசினார்கள். பேசினார்கள் என்று சொல்வதைவிட, ஒருத்தர் முகத்துக்கு நேராக ஒருத்தர் உட்கார்ந்து கத்தினார்கள் என்று சொல்லலாம்.

"யாரோ ஒரு பொம்பளைகிட்ட சொல்லத் தெரிஞ்சுது. எங்கிட்ட சொல்லத் தெரியல, இல்ல?"

"அவ கேட்டா. சொன்னேன்."

"நான் கேக்கலியா?"

"கேட்டிருப்பே. எனக்கு எங்க கேட்டுது?"

"அன்னிக்கு சுவரோட ஒப்பிட்டுத் திட்டினேன். பதிலுக்கு என்னைப் பார்த்து சிரிச்சீங்களே, அது எதுக்கு?"

அவருக்கு அது நினைவில்லை. "சரியா கேக்காதப்ப எல்லாருக்கும் சிரிச்சு வெச்சிடுவேன்" என்றார். "திட்டினா திட்டு, நல்லது சொன்னா நல்லது. ரெண்டுக்கும் சிரிப்புதான் பொருந்தும்."

கதவு தட்டப்பட்டது. மாடி வீட்டு அம்மாள் கவலையோடு நின்றாள். "ஏங்க, ஏதாவது பிரச்சனையா? எங்க வீட்டுக்காரர் போய்ப் பாருன்னார்."

"ஒண்ணுமில்லீங்க. பேசிட்டிருக்கோம்" என்றாள் இவள்.

அம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நம்பாமலே படியேறிப் போனாள்.

இரண்டு பேரும் லீவு போட்டுவிட்டுக் காது டாக்டரிடம் போனார்கள். வரிசையில் பாதி நாள் போயிற்று. அவரை ஒரு சின்னக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்துச் சோதித்தார்கள். அவள் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்கும்போது பொத்தானை அழுத்த வேண்டும். அவர் கையில் பொத்தானோடு, வகுப்பில் கேள்வி புரியாத பையன் மாதிரி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போயும் அவர் விரல் அசையவில்லை. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார். இன்ன கருவி வந்திருக்கிறது என்று சொன்னதும் உதட்டைப் பிதுக்கினார். அது காதுக்கு அளந்து செய்ததில்லை, எல்லாச் சத்தத்தையும் ஒரே மாதிரி பெரிசாக்கும், ஒன்றுமில்லாததற்கு அது தேவலை, ஆனால் பாட்டில் வரிசைக்குப் பக்கத்தில் மட்டும் இனி நிற்கக் கூடாது, இருக்கிறதும் போய்விடும் என்றார்.

சீட்டைக் கொடுத்து, விண்ணப்பம் போட்டு, இறக்குமதி வரி தள்ளுபடியானது. அன்றைக்குத் திரையில் புதிதாக ஒரு வரி முளைத்திருந்தது. ஆவணத் திருத்தக் கட்டணம். தள்ளுபடி வாங்கிக் கொடுத்ததற்கான கூலி. மற்ற வரி, கையாளும் கட்டணம், ஏறிப்போயிருந்த இருப்புக் கட்டணம், எல்லாவற்றோடும் கூட்டிப் பார்த்தால் முதல் நாளே கட்டியிருக்கலாம் போலிருந்தது. அதை அவளே தன் வாயால் அவருக்கு விளக்க வேண்டியிருந்தது. அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "நல்ல கம்பெனி" என்றார். அவள் கட்டினாள்.

கம்பெனியில் அவரே போய்ச் சொன்னார். எதிர்பார்த்தபடியே லாரிப் பக்கம் போட்டார்கள். சம்பளம் இறங்கியது. முதல் வாரம் தோளும் முதுகும் கழன்று விழுந்தன. வெயில் வேறு. அங்கே சத்தம் இல்லை என்பது ஒன்றுதான் நல்லது. அதைக் கொடுத்துக் கடையில் அரிசி வாங்க முடியாது என்று அவரே சொல்லிக்கொண்டார். மகளுக்கு இனி மாதாமாதம் அனுப்புகிறதில் கொஞ்சம் குறைக்க வேண்டும் என்பதை அவள் தொலைபேசியில் சொன்னபோது, மகள் அதைப் பற்றிப் பேசவில்லை. "அப்ப அப்பாவுக்கு என்மேல கோபமே இல்லையா?" என்று மட்டும் கேட்டாள்.

கருவி வந்து சேர்ந்தது. கட்டைவிரல் அளவு பெட்டி. அவர் கண்ணாடி முன்னால் நின்று இரண்டு காதிலும் வைத்துக்கொண்டார். உய்யென்று விசில் அடித்தது. திருகித் திருகி ஒரு வழியாக அடக்கினார். பிறகு வீட்டைச் சுற்றி ஒரு முறை பார்த்தார்.

"அது என்ன சத்தம்?"

"எது?"

"ஹும்முனு ஒண்ணு."

"ஃபிரிட்ஜ்."

"எப்பலேர்ந்து இப்படி சத்தம் போடுது?"

"வாங்கின நாளா போடுதுங்க" என்றாள்.

அவர் அதன் பக்கத்தில் போய் நின்று கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு கருவியைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டார். காகிதம் மடிக்கிற சத்தம்கூட மண்டைக்குள் இடிப்பது போலிருக்கிறது என்று முதலில் தினமும் கொஞ்ச நேரம்தான் வைத்துக்கொண்டார். சாயங்காலம் அவள் வந்து செருப்பைக் கழற்றும்போது மாட்டிக்கொள்வார். அவளுக்கோ அந்த நேரத்தில் தொண்டை செத்துப்போயிருக்கும். ஆனாலும் பேசுவாள். இன்றைக்கு ஒருத்தர் மீன் தொட்டிக்குப் போடுகிற கூழாங்கல்லை வெளிநாட்டிலிருந்து வரவழைத்திருக்கிறார், கல்லுக்கு எதற்கு வரி என்று கேட்கிறார் என்று சொல்வாள். அவர் சிரிப்பார். கேட்டுச் சிரிக்கிறாரா, சும்மா சிரித்து வைக்கிறாரா என்று அவள் முகத்தைக் கூர்ந்து பார்ப்பாள். அந்தச் சந்தேகம் அவளை விட்டு முழுக்கப் போகவில்லை. சில நாள் அவளுக்கு ஒரு வார்த்தையும் வராது. "இன்னிக்கு முடியலங்க" என்பாள். அவர் சரியென்று கருவியைக் கழற்றி வைத்துவிட்டுத் தொலைக்காட்சியைச் சத்தமில்லாமல் போடுவார். இருவரும் படத்தை மட்டும் பார்ப்பார்கள்.

சில மாதங்கள் கழித்து இடது காதுக் கருவி நின்றுபோனது. பேட்டரி மாற்றியும் உயிர் வரவில்லை. உத்தரவாதம் இருக்கிறதே, மாற்றித் தர மாட்டார்களா என்று அவர் கேட்டார். ஆபீஸ் தாளும் திரையும் இல்லாமலே அவள் ஒப்பித்தாள்.

"மாத்தித் தருவாங்க. ஆனா நம்ம செலவுல வெளிநாட்டுக்கு அனுப்பணும். புதுசு திரும்பி வர்றப்ப மறுபடி வரி போடுவாங்க. பழசுக்குப் பதிலா வருதுன்னு நாமதான் நிரூபிக்கணும். அதுக்கு ஒரு ஆவணக் கட்டணம்."

அவர் கையில் இருந்த அந்தச் சின்னஞ்சிறு பொருளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மறுபடி பதினேழாம் மேசைக்கு போன் பண்ணணுமா?"

"பண்ணினா வேற மேசைக்குத் தள்ளிவிடுவேன். இன்னொரு எச்சரிக்கைக் கடிதம் என்னால வாங்க முடியாது."

"அப்ப வேணாம். இருக்கறத வெச்சு ஓட்டுவோம்" என்றார்.

நின்றுபோனதை அவர் பெட்டிக்குள் போட்டு அலமாரியில் வைத்தார். அவள் எழுந்து டீ போடப் போனாள்.